குஞ்சு என்று என்னைக் கூப்பிட்டவர்கள்

என் இளைய மகள் தரம் எட்டுக்கு வந்த ஆண்டில், ஒரு நாள் பிற்பகல் பாடசாலை வாசலில் அவளைக் கண்டதும் வழக்கம்போல் "பபா" என்று கூப்பிட்டுக் கையசைத்தேன். அவள் பக்கத்தில் நின்ற தோழிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்தபடி மதிலோரமாக நடந்து வந்து முச்சக்கரவண்டியில் ஏறிக்கொண்டாள். கடற்காற்று முகத்தில் அடிக்கும் இடம் வரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி, "அம்மா, இனி வெளியில வச்சு என்னப் பபா எண்டு கூப்பிடாதீங்க" என்றாள்.

எனக்கு நெஞ்சு சுட்டது. உன்னைப் பெற்றவள் நான், நான் கூப்பிடாமல் யார் கூப்பிடுவது என்று கேட்க வாய் வந்துவிட்டது. கேட்காமல் நிறுத்திக்கொண்டதற்குக் காரணம், ஏறத்தாழ அதே வயதில் அதே வேண்டுகோளை நானும் ஒருவரிடம் வைத்திருந்தேன் என்பதும், அதன் பின்விளைவை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன் என்பதும்தான்.

என் செல்லப்பெயர் குஞ்சு. வைத்தவர் அம்மம்மா. குறைமாதத்தில் பிறந்து, உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருந்தேனாம். திருகோணமலையில் இது விசேஷமான பெயரல்ல. ஒரு ஒழுங்கையில் நின்று "குஞ்சு" என்று உரத்துக் கூப்பிட்டால் இரண்டு மூன்று வீடுகளிலிருந்து குரல் வரும். கோழிக்குஞ்சும் மீன்குஞ்சும் மட்டுமல்ல, உறவுப்பெயர்களிலும் அது எங்களுக்கு உண்டு. அப்பாவின் தம்பியைக் குஞ்சியப்பா என்பவர்களும், அம்மாவின் தங்கையைக் குஞ்சம்மா என்பவர்களும் இருக்கிறார்கள். சிறியது, இளையது என்பதற்கு மேல் அச்சொல்லில் எங்களுக்கு ஒன்றுமில்லை. தொல்காப்பிய மரபியலிலே இளமைப் பெயர்களாகச் சொல்லப்படும் ஒன்பதில் குட்டியும் பிள்ளையும் இருக்கின்றன. அவற்றுள் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டும் பறவைகளின் இளமைக்கு உரியவை. நாங்கள் மகளைப் 'பிள்ளை' என்று கூப்பிடும்போதும் ஒரு கூட்டுக்குள் இருக்கும் உயிரின் பெயரைத்தான் சொல்கிறோம் என்று பின்னாளில் அறிந்தபோது, என் பெயர் அத்தனை தனிமைப்பட்டதல்ல என்று ஆறுதலடைந்தேன். ஆனால் அந்த ஆறுதல் மிகவும் பிந்தி வந்தது.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் சண்டை மூண்டபோது எனக்கு ஒன்பது வயது. நிலாவெளி வீதிப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விட்டு, காட்டு வழியாகப் பல நாட்கள் நடந்து மன்னார்க் கரைக்குப் போய், பேசாலையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். அம்மம்மா வர மறுத்துவிட்டார். மண்டபம் முகாமில் முதல் வாரம், தண்ணீர்க் குழாயடியில் நின்றபடி அம்மா என்னைக் "குஞ்சு" என்று உரக்கக் கூப்பிட்டார். வரிசையில் நின்ற உள்ளூர்ப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்து வெடித்துச் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை. தமிழ்நாட்டுப் பேச்சில், குறிப்பாகச் சிறுவர் வாயில், அது ஆண்குறியைக் குறிக்கும் சொல் என்று எனக்கு ஒரு பிள்ளை காதோடு சொன்னபோது, குடத்தை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கொட்டிலின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதன்பின் மூன்று ஆண்டுகள், முகாமிலும் பள்ளிக்கூடத்திலும், அந்தச் சிரிப்பு என்னோடு வந்தது. அம்மாவும் அண்ணாவும் அங்கேயே அப்பெயரைச் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

1993இல் ஊர் திரும்பினோம். அம்மம்மா தெருவாசலில் நின்றுகொண்டிருந்தார். கண்பார்வை மங்கியிருந்ததால் முதலில் அண்ணாவை அப்பா என்று நினைத்துப் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்து, "என்ர குஞ்சு" என்றார். அக்கம்பக்கத்தவர்கள் கூடி நின்றார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்ன அப்பிடிக் கூப்பிட வேணாம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து 2002இல் இறக்கும்வரை, ஒன்பது ஆண்டுகள், அம்மம்மா என்னைப் பள்ளிப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். அந்தப் பெயரில் ஒரு 'ஷ' இருக்கிறது. பல் விழுந்த வாயில் அது 'ச' என்றே வரும். வந்ததும் தவறு செய்துவிட்ட பிள்ளையைப்போல நிறுத்தி, மறுபடி சொல்லிப் பார்ப்பார். இதற்குள், பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து எங்கள் முற்றத்துக்கு வரத் தொடங்கியது. ஒரு காலை, கிணற்றடியில் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, குசினி வாசலில் இருந்து அம்மம்மா அந்தக் குழந்தையை, "குஞ்சு, இஞ்ச வாம்மா" என்று கூப்பிடுவது கேட்டது. அது என் பெயர் என்று சொல்லிக்கொண்டு ஓட வேண்டும்போல் இருந்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. சிரித்த பையன்கள் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் திரும்ப வேண்டும் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மம்மா மகிழ்ந்திருப்பார். தண்ணீரை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு பெயரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது என்பதில் இப்போதும் எனக்கு ஐயமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. நான் விட்ட பிழைகள் வேறு. பலர் முன்னிலையில் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை, மனம் மாறியபின் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. வேண்டாம் என்பதைத் தனியாக, காரணத்தோடு சொன்னால், கேட்பவருக்குத் தன் அன்பு மறுக்கப்படவில்லை, அந்தச் சொல் மட்டுமே மறுக்கப்படுகிறது என்பது விளங்கும். அம்மம்மாவுக்கு அது விளங்க நான் இடமே கொடுக்கவில்லை.

செல்லப்பெயர்கள் நம் வீடுகளில் ஏன் இத்தனை பெருகின என்பதையும் அம்மம்மாவை வைத்தே விளங்கிக்கொண்டேன். அவர் தன் வாழ்நாளில் கணவரின் பெயரை ஒருமுறையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கூப்பிடுவதானால் "இஞ்சாருங்கோ" என்பார். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கப்படி என் அண்ணாவுக்குத் தாத்தாவின் பெயர் இடப்பட்டிருந்தது. ஆகவே அண்ணாவின் பெயரையும் அவரால் சொல்ல முடியாது. அவன் அவருக்கு எப்போதும் "அப்பன்" தான். மகனை அப்பா என்றும் மகளை அம்மா என்றும் கூப்பிடுவது, மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மகனை வாப்பா என்றும் மகளை உம்மா என்றும் கொஞ்சுவது, இவையெல்லாம் பிள்ளையைச் சின்னதாக்கும் பெயர்களல்ல. பெரியவர்களின் இடத்தில் பிள்ளையை வைத்துப் பார்க்கும் பெயர்கள். ஆகவே செல்லப்பெயர் என்றாலே குழந்தைத்தனம், வளர்ந்தபின் ஒழிக்க வேண்டியது என்று பேசுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

கோணேஸ்வரத்தில் மாலைப் பூசையின்போது தேவாரம் கேட்கும் பொழுதெல்லாம் எனக்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரும். கோணமாமலையைப் பாடிய சம்பந்தர், வயதில் மிக மூத்த திருநாவுக்கரசரைச் சந்தித்தபோது "அப்பரே" என்று அழைத்தார் என்றும், அவர் "அடியேன்" என்று விடையளித்தார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. பெற்றோர் இட்ட மருள்நீக்கியார் என்ற பெயரை இன்று கோயிலில் எத்தனை பேர் அறிவார்கள்? ஒரு குழந்தை வாயில் வந்த அழைப்பு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அழைத்தவரின் அன்பு மட்டும் அதற்குக் காரணமல்ல என்று நினைக்கிறேன். அழைக்கப்பட்டவர் அந்தக் கணமே அதை ஏற்று விடையளித்தார். அந்த "அடியேன்" வராமல் இருந்திருந்தால் அது ஒரு சிறுவனின் சொல்லாகவே அங்கே நின்றிருக்கும். வீட்டிலோ அலுவலகத்திலோ யாரையாவது செல்லப்பெயரால் கூப்பிட எண்ணும்போது, அந்த விடை வந்ததா என்று நான் இப்போது கவனித்துப் பார்க்கிறேன். முகம் மலர்ந்து "ம்" என்று வருகிறதா, அல்லது வேறு வழியில்லாமல் திரும்பிப் பார்க்கிறார்களா என்பது, கவனிப்பவருக்குத் தெளிவாகவே தெரியும்.

அலுவலகத்தில் இதை நான் கடினமான வழியில் கற்றேன். 2007இல் ஓர் அலுவலகத்தில் தற்காலிக ஊழியராகச் சேர்ந்தேன். அங்கிருந்த பொறுப்பதிகாரி இளம்பெண்களைச் "செல்லம்", "குட்டி" என்றே கூப்பிடுவார். ஆண்களைத் தம்பி என்பார், அல்லது பெயர் சொல்வார். கோப்பை நீட்டும்போது, "செல்லம், இதை முடிச்சுத் தாங்கோ" என்பார். தீய நோக்கம் இருந்ததா இல்லையா என்று ஏழு மாதங்கள் எனக்குள் வழக்காடிக்கொண்டே இருந்தேன். சிரித்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகும், முறைத்தால் நிரந்தர நியமனம் கைவிட்டுப் போகும் என்ற பயத்தில், பாதிச் சிரிப்போடு காலம் போனது. காலையில் சேலைக்கு ஊசி குத்தும்போதே வயிற்றைப் பிசையும்.

கிண்ணியாவிலிருந்து வரும் மூத்த பெண் ஊழியர் ஒருவர் எனக்கு உதவினார். அப்போது கிண்ணியாப் பாலம் திறக்கப்படவில்லை; 2009இல்தான் திறந்தார்கள். பாதை என்று நாங்கள் சொல்லும் இயந்திரத் தெப்பத்தைப் பிடிக்க வேண்டுமென்பதால் அவர் நான்கு மணிக்கே புறப்பட்டுவிடுவார். ஒரு நாள் பேருந்து நிலையம்வரை என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தபடியே சொல்லித்தந்தார். பொறுப்பதிகாரியின் நோக்கம் என்ன என்பதைக் கண்டுபிடிப்பது உன் வேலையல்ல, உனக்கு அது பிடிக்கவில்லை என்பதே போதும் என்றார். அடுத்த முறை கூப்பிட்டதும் சிரிக்காதே. பயந்து குரலையும் தாழ்த்தாதே. இரண்டு பேராவது கேட்கும் இடத்தில், சாதாரணக் குரலில், "சேர், என்ர பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உடனே வேலையைப் பற்றிப் பேசு. அன்றைய திகதியையும் அவர் சொன்ன சொல்லையும் அங்கிருந்தவர்களையும் வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வை என்றார். எழுதி வைப்பது ஏன் என்று கேட்டதற்கு, நிறுத்தாவிட்டால் மேலே எழுத வேண்டி வரும், அப்போது நினைவை யாரும் நம்ப மாட்டார்கள், திகதியை நம்புவார்கள் என்றார்.

சொல்லும்போது என் குரல் நடுங்கியது. பொறுப்பதிகாரி முகம் சிவந்து, "நான் மகள் மாதிரி நினைச்சுத்தானே" என்றார். அதற்கும் அந்தச் சகோதரி ஒரு விடை தந்திருந்தார்: "விளங்குது சேர், ஆனா பேர் போதும்." அதன்பின் இருமுறை மறந்து கூப்பிட்டார், இருமுறையும் அதே வாக்கியத்தைச் சொன்னேன், பிறகு நின்றுவிட்டது. எல்லோருக்கும் இப்படி நிற்கும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கொப்பியில் நான்கு பதிவுகளே இருந்தன. அவை நாற்பதாகியிருந்தால் சட்டம் இருக்கிறது என்பதையும் பின்னர் தெரிந்துகொண்டேன். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொற்களாலோ செயல்களாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு விளைவிப்பதைக் குற்றமாக்கி, ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது. ஒரு "செல்லம்" மட்டும் அந்தப் பிரிவுக்குள் வந்துவிடாது. ஆனால் மறுத்தபின்னும் தொடர்வதும், அதோடு பார்வையும் தொடுகையும் சேர்வதும் வேறு விடயம். அந்த நிலையில் கொப்பியின் முதல் பக்கம் மிகவும் பெறுமதியுள்ளது.

மீன் விற்கும் அக்கா என்னை "ராசாத்தி, பாரை இருக்கு, எடுங்கோவன்" என்று கூப்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் தோன்றியதில்லை. அவர் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். என் சம்பளமோ பதவியோ அவர் கையில் இல்லை. வேண்டாமென்றால் அடுத்த கூடைக்குப் போய்விடலாம். வேறுபாடு அவ்வளவே, ஆனால் அது பெரிய வேறுபாடு.

பதினொரு ஆண்டுகளுக்குப் பின், 2018இல், அம்மா பக்கவாதம் வந்து ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, இதன் இன்னொரு முகத்தைக் கண்டேன். அம்மா முப்பத்திரண்டு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவர். வலப்பக்கம் செயலற்றிருந்தது, பேச்சு குழறியது, ஆனால் அறிவு தெளிவாக இருந்தது. சோறு ஊட்ட வந்த பெண், "பாப்பா, வாயத் திறங்க, ஆ... நல்ல பாப்பா" என்பார். கரண்டி உதட்டருகே வரும். அம்மாவின் கீழுதடு உள்ளே மடிந்து, மேலுதட்டோடு ஒட்டிக்கொள்ளும். இடக்கை மட்டும் போர்வையின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருக்கும். பசியில்லை என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். மூன்றாம் நாள் நான் அருகில் நின்றபோதுதான், பழஞ்சோற்றுத் தண்ணீரைக்கூட என் கையால் மடமடவென்று குடிக்கிறவர் அந்தக் குரலுக்கு மட்டும் வாயை மூடிக்கொள்கிறார் என்பதைக் கண்டேன்.

அந்தப் பெண் இரக்கமற்றவரல்ல. இரவுப் பணி முடித்து, ஆள் இல்லாமல் பகற்பணியும் தொடர்ந்துகொண்டிருந்தவர். தன்னிடமிருந்த மென்மை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில்தான் வைத்திருந்தார். ஆகவே முறைப்பாடு செய்யவில்லை. ஒரு வெள்ளைத் தாளில், "இவர் கணித ஆசிரியர். டீச்சர் என்று கூப்பிடுங்கள். இடப்பக்கம் நின்று பேசுங்கள். சோறு குழைவாக இருந்தால் விழுங்குவார்" என்று பெரிய எழுத்தில் எழுதி, தாதியிடம் கேட்டுக் கட்டிலின் தலைப்பக்கம் ஒட்டினேன். அடுத்த வேளை, "டீச்சர், கொஞ்சம் சாப்பிடுவமா" என்று அந்தப் பெண் கேட்டபோது, அம்மா முதலில் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். முழுவதும் சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது, நான்கு கரண்டி.

வயதானவர்களிடம் மழலைக் குரலில் பேசுவதை ஆங்கிலத்தில் எல்டர்ஸ்பீக் என்கிறார்கள். மறதிநோய் உள்ளவர்கள் தங்கியிருக்கும் அமெரிக்கப் பராமரிப்பு இல்லங்களில் இதை ஆராய்ந்தவர்கள், அவ்வாறு பேசும்போது அம்முதியவர்கள் குளிப்பாட்டல், உடைமாற்றல் போன்ற பராமரிப்புகளை எதிர்ப்பது கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். அறிவு மங்கியவர்களே அந்தக் குரலை உணர்ந்து எதிர்க்கிறார்கள் என்றால், அறிவு தெளிவாக இருந்தும் வாய் மட்டும் குழறும் ஒருவர் எவ்வளவு உணர்வார்? இந்த ஊரில் முதியவர் ஒருவரை மருத்துவமனையில் சேர்ப்பவர்கள் மருந்துச் சீட்டோடு அவரைக் கூப்பிட வேண்டிய பெயரையும் எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் டீச்சர் என்ற பெயரை விரும்ப மாட்டார்கள். எதிர்க்கட்டிலில் இருந்த மூதாட்டி, "அம்மாச்சி" என்று கூப்பிட்டால் மட்டுமே ஊசி போட விட்டார்.

மகளிடம் திரும்புகிறேன். முச்சக்கரவண்டியில் அவள் அப்படிச் சொன்ன அன்று இரவு, அவளுடைய படுக்கையில் உட்கார்ந்து, அந்தப் பெயரே பிடிக்கவில்லையா, அல்லது வெளியில் கூப்பிடுவதுதான் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, வீட்டில் கூப்பிடலாம், தொலைபேசியில் ஸ்பீக்கரில் இருக்கும்போது கூப்பிடக் கூடாது, தோழிகள் வீட்டுக்கு வந்தால் கூப்பிடக் கூடாது, காய்ச்சல் வந்தால் எங்கேயும் கூப்பிடலாம் என்று வரிசையாகச் சொன்னாள். அவள் மனத்தில் இது எவ்வளவு காலமாக இருந்திருக்கிறது என்று அந்த ஒழுங்கைக் கேட்டபோது விளங்கியது. நான் கேட்டிராவிட்டால் அந்தக் காய்ச்சல் விலக்கு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். மனம் மாறினால் எந்த நேரமும் சொல்லலாம் என்றும் சொல்லி, அம்மம்மாவின் கதையைச் சொன்னேன். கிணற்றடிப் பகுதி வந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒன்று முடியாமல் இருக்கிறது. வவுனியாவில் இருக்கும் என் அண்ணா, அம்மம்மாவின் அந்த "அப்பன்", என் மகளைக் "கறுப்பி" என்றே கூப்பிடுகிறார். வரும்போதெல்லாம் அவளுக்கென்று தனியாகப் பனங்கட்டிக் குட்டான் கொண்டுவருவார். பிறந்தநாளை ஒருமுறையும் மறந்ததில்லை. அவர் அன்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடும் பெயர் மற்றச் செல்லப்பெயர்களைப்போல வீட்டு வாசலோடு நிற்பதில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் சிங்களத்தில் வெள்ளை நிறப் பிள்ளையைச் "சுது" என்று கொஞ்சுவதும், திருமணப் பேச்சில் நிறத்தைக் கேட்பதும், கடையில் முகம் வெளுக்கும் பூச்சு விற்பதும் அந்த ஒரு சொல்லோடு கூடவே வருகின்றன. சென்ற மாதம் மகளின் புத்தகப் பையில் அப்படியொரு பூச்சுக் குழாயைக் கண்டேன். பாதி முடிந்திருந்தது.

அண்ணா தைப்பொங்கலுக்கு வருகிறார். பேருந்து நிலையத்துக்கு நான் தனியாகப் போய் அவரை அழைத்துவரப் போகிறேன். வீட்டுக்கு வந்து சேர இருபது நிமிடங்கள் எடுக்கும். யாரும் இல்லாத அந்த நேரத்தில், குழாயைக் கண்ட கதையிலிருந்து தொடங்கி அவரிடம் சொல்லிவிடுவதென்று வைத்திருக்கிறேன்.